உப்பு வாளிக்கு அடியில்

திங்கட்கிழமைக் கூட்டத்தில் எல்லோரும் அழகாக அழுதார்கள்.
எனக்குக் கண் வறண்டு கிடந்தது.
காகிதக் கைக்குட்டைப் பெட்டி என்னைத் தாண்டிய ஒவ்வொரு முறையும்
கடன்பாக்கி வைத்தவள் போலக் குனிந்துகொண்டேன்.

புதன் மதியம், வங்கிக்கு மேல்மாடி.
பளபளக்கும் காலணிகள்.
பதினெட்டு வருடம், இருபத்திரண்டு வருடம் என்று
நிலப்பட்டாவைப் போல எடுத்துக் காட்டினார்கள்.
என் கையில் பதினோரு நாள்.
அதிலும் ஒன்று வில்லங்கம்:
இருமல் மருந்தைச் சேர்ப்பதா, கழிப்பதா.

வியாழன், பெண்களுக்கு மட்டும்.
நல்ல பெண்கள். எலுமிச்சை கேக்.
ஆனால் வாசலில் நின்று வரவேற்றவள் லொரெய்ன் ஹௌகன்.
அவள் மகனை நான்கு வருடம்
என் பள்ளிப் பேருந்தில் ஏற்றி இறக்கியிருக்கிறேன்,
காலை ஏழரைக்கு,
வாய்நிறையப் புதினா மிட்டாயோடு.
கை குலுக்கினேன்.
கழிப்பறை எங்கே என்று கேட்டேன்.
ஜன்னல் வழியாக அல்ல, வாசல் வழியாகத்தான் போனேன்;
அந்த மட்டும் எனக்கு மரியாதை தெரியும்.

தொலைபேசியில் பேசிய பெண் சலித்துக்கொள்ளவே இல்லை.
"டுலூத்தில் இன்னும் எத்தனையோ இருக்கிறது, வெர்னா.
பூட்ஸ் மாதிரிதான். போட்டு நடந்து பார்."
கால் அளவே மறந்துபோனவளிடம்
சொல்கிறாய் என்று சொல்லவில்லை.
முகவரியை மின்கட்டண உறையின் முதுகில் எழுதிக்கொண்டேன்.

சனிக்கிழமை ஏரி வெள்ளையாய் உறுமியது.
தூக்குப் பாலத்தின் மேல்பாதியைக் காணோம்.
இன்றைக்குப் போகாவிட்டால்
குடி முழுகிவிடாது என்றேன் வாய்விட்டு.
சொன்ன பிறகுதான்
அந்தச் சொல் காதில் விழுந்தது.
கார் சாவியை எடுத்தேன்.

படகு பழுதுபார்க்கும் கொட்டகையின் பின்னறை.
பூட்டு.
கதவில் ஒட்டிய அட்டையில் கோணல் எழுத்து:
நான் வரத் தாமதமானால் சாவி உப்பு வாளிக்கு அடியில்.
யார் அந்த நான்?
கையெழுத்து இல்லை.
யாரை நம்பி எழுதியது?
அதுவும் இல்லை.

திறந்தேன். வார்னிஷ் மணம்.
கணப்பை மூட்டினேன்.
எத்தனை நாற்காலி என்று தெரியாமல் ஆறு விரித்தேன்.
காப்பித்தூளை அளவில்லாமல் கொட்டினேன்.

ஏழடிக்க ஐந்து நிமிடத்துக்கு ஒருவர் வந்தார்,
தாடியெல்லாம் பனி.
ஒரு வாய் குடித்தார். முகம் கோணியது.
"இதைக் குடிப்பதற்குப் பழையதே தேவலாம்."
பிறகு, "நீங்கள்தான் நடத்துகிறவரா?"
"இல்லை. தேடி வந்தவள்."
"அட," என்றார், "நானும்தான்."

சுவரில் மாட்டியிருந்ததை நான் வாசித்தேன்,
அவர் கண்ணாடி கொண்டுவரவில்லை.
முதலிலிருந்து கடைசிவரை வாசித்தும்
எட்டே நிமிடம்தான் ஆகியிருந்தது.
நடத்துகிறவர் எந்தச் சாலையில் புதைந்து கிடந்தாரோ.

பெயர் டெல்பர்ட். நகராட்சியில்
பனி தள்ளும் லாரி ஓட்டுகிறார்.
"பாட்டிலைப் பின்னால் உப்புக் குவியலில் புதைத்து வைப்பேன்.
குளிரில் விரல் வெடித்திருக்கும்.
தோண்டத் தோண்ட எரியும்.
அந்த எரிச்சலுக்காகவே
சில நாள் தோண்டினேனோ என்னவோ."

கணப்பு டிக் டிக் என்றது.
நான் புதினா மிட்டாயைச் சொன்னேன்.
முதல் இருக்கையில் உட்காரும் பெண் ஒருநாள்
"மிஸஸ் கொஸ்கெலா, உங்கள் வாயில் கிறிஸ்துமஸ் வாசனை" என்றதைச் சொன்னேன்.
நான் சிரித்ததைச் சொன்னேன்.
முப்பத்தொரு பிள்ளைகள்.
எல்லோர் பெயரும் தெரியும்.
சிலவற்றைச் சொல்லத் தொடங்கி
பாதியில் நின்றுவிட்டேன்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை.
அந்த மோசமான காப்பியை
இன்னொரு கோப்பை ஊற்றிக்கொண்டார்.

நாற்காலிகளை மடித்தோம்,
யாரும் உட்காராத நான்கையும் சேர்த்து.
"அடுத்த சனி?" என்றார்.
"தெரியாது" என்றேன். உண்மையும் அதுதான்.

பூட்டி, சாவியை வாளிக்கு அடியில் வைத்தேன்.
காரில் ஏறி முடுக்கினேன்.
அணைத்தேன்.
திரும்பி நடந்து போய்
பனி மூடிவிடாதபடி
வாளியைச் சுவரோரம் நகர்த்தினேன்,
சாவியையும்தான்.